செத்த மாட்டுக்கு ஈடு உண்டா? குவாசுலு-நட்டாலில் கால்நடை நிவாரணம் வாங்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், டர்பனுக்கு வடக்கே வெருலம், டொங்காட், ஸ்டாங்கர் பக்கத்திலும் உள்ளே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைச் சுற்றியும் பத்து மாடு, இருபது ஆடு, ஒரு கோழிக்கொட்டகை என்று வைத்துப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கான குறிப்பு இது. பெரிய பண்ணைக்காரருக்குக் கணக்கரும் வக்கீலும் இருக்கிறார்கள். சின்னப் பட்டிக்காரர் கையில் இருப்பது ஒரு பழைய பிஸ்கட் டின்னும் அதில் கிடக்கும் ரசீதுகளும்தான். அந்த டின்னில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் பணம் வருவதும் வராததும்.

ஈடு வேறு, நிவாரணம் வேறு

இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து அலைகிறவர்களே அதிகம். முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஈடு என்பது 1984-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் கால்நடை நோய்கள் சட்டத்தில் வருகிறது. நோயைத் தடுக்க அரசு உத்தரவிட்டு உங்கள் விலங்கை அழித்தால், அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி நீங்கள் ஈடு கேட்டு விண்ணப்பிக்கலாம். உத்தரவு வருவதற்கு முன்பே நோயால் தானாகச் செத்த மாட்டுக்கு இந்தப் பிரிவில் இடமில்லை. பலருக்கும் நம்ப முடியாத விஷயம் இதுதான். 2017-லும் 2023-லும் பறவைக் காய்ச்சல் வந்தபோது கோழிக்காரர்கள் பலருக்கு இது உறைத்தது. தானாகச் செத்த கோழி ஒரு கணக்கு, அரசு சொல்லி அழித்த கோழி இன்னொரு கணக்கு. தகவல் சொல்லத் தாமதித்த ஒவ்வொரு நாளும் கோழிகள் இரண்டாவது கணக்கிலிருந்து முதல் கணக்குக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

நிவாரணம் என்பது வறட்சி, வெள்ளம், காட்டுத்தீ, சூறாவளி போன்றவற்றுக்கு. இது 2002-ஆம் ஆண்டின் 57-ஆம் எண் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் வழியில் வருகிறது. இதில் உங்களுக்கு இவ்வளவு என்று எந்தப் பிரிவும் எழுதி வைக்கவில்லை. அரசு ஒரு திட்டம் திறந்தால் உண்டு, திறக்காவிட்டால் இல்லை. திறந்தாலும் பணமாக வருவது அபூர்வம். வைக்கோல் கட்டு, தீவனம், மருந்து, கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளும் வவுச்சர் என்றுதான் வரும். 2020-இல் கோவிட் உதவியாக 120 கோடி ராண்ட் ஒதுக்கியபோதும் ஒரு சிறு விவசாயிக்கு உச்சவரம்பு 50,000 ராண்ட்தான்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு: பாம்பு கடித்தது, மின்னல் தாக்கியது, உண்ணிக் காய்ச்சலில் போனது, திருடன் ஓட்டிப்போனது. இவற்றுக்கு அரசிடம் கதவே இல்லை. இன்ஷூரன்ஸ் இருந்தால் அதைப் பாருங்கள். கலவரத்தில் கொட்டகை எரிந்தால் சாதாரண பாலிசி கொடுக்காது. சாஸ்ரியா என்ற அரசு நிறுவனத்தின் காப்பீடு அந்தப் பாலிசியோடு சேர்ந்திருக்க வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்த வித்தியாசம் பல கடைக்காரர்களுக்குத் தெரிய வந்தது. பட்டிக்காரர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

மாடு உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியது

முதல் வேலை சூட்டுக்குறி. 2002-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் விலங்கு அடையாளச் சட்டப்படி மாடு, செம்மறி, வெள்ளாடு, பன்றி எல்லாவற்றுக்கும் குறி கட்டாயம். விவசாயத் துறையின் விலங்கு அடையாளப் பதிவாளரிடம் விண்ணப்பித்தால், மூன்று எழுத்துக்கு மிகாத ஒரு குறியை உங்கள் பெயரில் பதிந்து சான்றிதழ் தருவார்கள். கன்றுக்கு ஒரு மாதத்திலேயே காதில் பச்சை குத்தலாம், ஆறு மாதம் ஆனதும் சூடு போடலாம். ஆட்டுக்கு ஒரு மாதத்திலிருந்து காதில் பச்சை. வாங்கிய மாட்டுக்கு 14 நாளுக்குள் உங்கள் குறி ஏற வேண்டும்.

காதில் தொங்கும் மஞ்சள் பிளாஸ்டிக் தோடு இதற்கு ஈடாகாது. முள்வேலியில் மாட்டினால் அறுந்துவிடும், திருடன் வெட்டியும் எறிவான். தோட்டை உங்கள் வசதிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சட்டத்துக்குச் சூடோ பச்சையோதான். வீட்டில் லட்சுமி என்று பெயர் வைத்து, வெள்ளிக்கிழமை குங்குமம் வைக்கும் பசுவுக்குச் சூடு போட மனம் வராது. சரி, காதிலாவது பச்சை குத்திவிடுங்கள். குறியில்லாத லட்சுமி சர்க்கார் கண்ணில் யாருடைய மாடும் இல்லை.

இரண்டாவது, பட்டிப் பதிவேடு. அச்சடித்த படிவம் தேவையில்லை, கோடு போட்ட நோட்டுப்புத்தகம் போதும். பக்கம் கிழிக்க முடியாத தைத்த நோட்டாக இருக்கட்டும். ஒரு வரி இப்படி இருந்தால் போதும்:

3 மார்ச். கறுப்புக் கிடாரி, நெற்றியில் வெள்ளை, வலது காதில் பச்சை. தாய் பழைய செவலை. சொந்த ஈற்று. மொத்தம் 11.

அந்தக் கடைசி எண்தான் உயிர். பிறப்பு, சாவு, விற்பனை, வாங்கல், கோயிலுக்குக் கொடுத்தது என்று எது நடந்தாலும் வரியின் முடிவில் மொத்தத்தை எழுதுங்கள். அரசு கால்நடை ஊழியர் தடுப்பூசிக்கோ டிப் டேங்குக்கோ (உண்ணி போக மாட்டை மருந்துத் தண்ணீரில் முக்கும் தொட்டி) வரும்போது அந்தப் பக்கத்தில் ஒரு கையெழுத்தும் தேதியும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் போடுவார்கள். அப்படி வருஷத்துக்கு இரண்டு கையெழுத்து இருந்தால், பிறகு யாரும் உங்கள் எண்ணிக்கையைச் சந்தேகிக்க முடியாது. ஆபீஸ் தாளில் 9, டிப் கார்டில் 14, உங்கள் வாயில் 17 என்று மூன்று எண் வந்தால் கிடைப்பது 9-க்குத்தான்.

மூன்றாவது, வாங்கிய தாள்களும் ஓட்டிய தாள்களும். 1959-ஆம் ஆண்டின் கால்நடைத் திருட்டுச் சட்டப்படி விற்பவர் வாங்குபவருக்கு அடையாளப் பத்திரம் கொடுக்க வேண்டும், வாங்கியவர் அதை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். சாலையில் ஓட்டிப்போக, லாரியில் ஏற்ற, அகற்றுச் சான்று தனி. இவற்றோடு, 2022 அக்டோபரிலிருந்து பிளவுக் குளம்பு விலங்கை இடம் மாற்றும்போது உரிமையாளரின் உடல்நல உறுதிமொழி கூட வர வேண்டும், வந்த விலங்கை 28 நாள் தனியே கட்ட வேண்டும். கோமாரிக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருந்தால் அனுமதிச் சீட்டு வேறு. இதில் ஒன்று குறைந்தாலும் ஈட்டு மனு அந்த இடத்தில் இடறும். சட்டத்தை மீறியவருக்கு ஈட்டை முழுதாகவோ பாதியாகவோ மறுக்கக் கால்நடை நல இயக்குநருக்கு அதிகாரம் உண்டு.

ஆடி மாதம் மாரியம்மன் கஞ்சிப் பூசைக்குப் பத்துப் பதினைந்து கிடாய்களை ஒரே பக்கியில் (பிக்கப் வண்டி) ஏற்றி வருபவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். கிடாயும் பிளவுக் குளம்புதான். நேர்த்திக்கடன் என்பதற்காகச் சட்டம் விதிவிலக்குக் கொடுக்கவில்லை. அனுமதியில்லாமல் வந்த ஒரு கிடாயால் உங்கள் பட்டிக்கு நோய் வந்தது என்று தெரிந்தால், பட்டி முழுவதற்குமான ஈடு ஆட்டம் காணும்.

நான்காவது, நிலத்தின் தாள். நம்மவர்களுக்கு அதிகம் இடறும் இடம் இதுதான். நிலம் இன்னும் தாத்தா பேரில் இருக்கும். தாத்தா போய் முப்பது வருஷம் ஆகியிருக்கும். அவருடைய சொத்து மரபுரிமை அலுவலில் முடிக்கப்படாமல் கிடக்கும். உங்கள் பெயர் தாளில் எங்கும் இல்லை. விண்ணப்பம் வாங்கும் இடத்தில் 'நீங்கள் யார்?' என்ற கேள்வி வரும். இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் ஹைகோர்ட் மாஸ்டர் அலுவலகத்திலிருந்து நிறைவேற்றாளர் கடிதம் வாங்கி, மற்ற வாரிசுகளின் ஒப்புதலோடு, உங்களுக்கு எழுத்தில் ஒரு குத்தகை போட்டுக்கொள்ளுங்கள். வருஷ வாடகை ஒரு ராண்டாக இருந்தாலும் பரவாயில்லை. பாரம்பரிய கவுன்சில் நிலத்தில் மேய்ப்பவர்கள் இந்துனா என்னும் ஊர்த் தலைவரிடம் குடியிருப்புக் கடிதம் வாங்கி வைக்கலாம். இது நோய் வந்த வாரத்தில் முடிகிற வேலை இல்லை. இன்றைக்கே தொடங்கினாலும் மாதக்கணக்கு ஆகும்.

கடைசியாக, விவசாயப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று மாகாண விவசாய அலுவலகத்தில் கேளுங்கள். குவாசுலு-நட்டால் விவசாயத் துறையின் தலைமை பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்தில் சீடாராவில் இருக்கிறது. அங்கே போகத் தேவையில்லை, உள்ளூர் விரிவாக்க அலுவலரே பதிந்துவிடுவார். பெயர் இல்லாதவருக்கு வவுச்சர் கிடைப்பதில்லை.

நோய் வந்த நாள்

வாயில் நுரை, நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம், நொண்டல், காய்ச்சல் என்று மாட்டைப் பார்த்தால் கோமாரி. ஆட்டில் இது மிக லேசாக வரும், பல சமயம் நொண்டல் மட்டும்தான். சினைப் பசுக்கள் அடுத்தடுத்துக் கன்று வீசினால் கன்று வீச்சு நோய். மாடு திடீரென்று விழுந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வந்தால் அடைப்பான். அடைப்பான் சந்தேகமிருந்தால் உடலைத் திறக்கவே கூடாது, தோலுரிக்கக் கூடாது, கறி யாருக்கும் போகக் கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி விதையாகி மண்ணில் பல பத்தாண்டு இருக்கும். கோழியில் திடீர்ச் சாவு, கொண்டை நீலம் என்றால் பறவைக் காய்ச்சலா வெள்ளைக்கழிச்சலா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். மாதிரிகள் பொதுவாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆலர்ட்டன் ஆய்வகத்துக்குப் போகும்.

அந்த மணி நேரத்திலேயே ஸ்டேட் வெட் என்னும் அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். சொல்வது சட்டக் கடமை. போனில் சொன்னால் போதாது. வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ 'இன்று காலை 6.40, மூன்று மாடு நொண்டுகிறது, வாயில் கொப்புளம், மொத்தம் 11, இடம் இது' என்று அனுப்பி, அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எப்போது சொன்னீர்கள் என்பதே பிறகு முதல் சாட்சி.

அதற்குப் பிறகு எதையும் நகர்த்தாதீர்கள். 'நல்லதாக இருக்கிற நாலை மச்சான் பண்ணைக்குத் தள்ளிவிடுவோம்' என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. அந்த நாலு மாட்டோடு ஈடும் போய்விடும், மச்சான் பண்ணையும் தடையில் விழும். செத்ததைப் புதைக்கவும் மருத்துவர் பார்க்கும்வரை காத்திருங்கள். தார்ப்பாயால் மூடி, நாயும் காக்கையும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். புதைக்கச் சொன்னால் ஓடைக்கும் கிணற்றுக்கும் தள்ளி, மேலே 2 மீட்டர் மண் இருக்கும்படி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

அழிக்க உத்தரவு வந்தால் உங்கள் கையில் இருக்க வேண்டியவை: உத்தரவின் நகல், எந்தெந்த விலங்கு என்று குறி, நிறம், வயது, ஆண்-பெண், சினை என்று வரிசையாக எழுதிய பட்டியல், அதன் கீழே மருத்துவர் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும், அழித்த தேதி. '11 மாடு' என்று ஒரே வரியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சினைப் பசுவும் பால் மறந்த கன்றும் ஒரே விலையில் வந்து நிற்கும். பட்டியலை அங்கேயே, தொழுவத்திலேயே, உங்கள் நோட்டைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். படம் எடுக்கும்போது தலையும் குறியும் ஒரே சட்டத்தில் வரட்டும், இன்னொரு படத்தில் பின்னால் உங்கள் வீடோ தண்ணீர்த் தொட்டியோ தெரியட்டும்.

ஈட்டின் அளவு நியாயமான சந்தை விலை. அதிலிருந்து உங்களுக்குத் திரும்பி வந்த உடலின் மதிப்பையும் இன்ஷூரன்ஸ் கொடுத்ததையும் கழிப்பார்கள். கணக்கு விளங்க ஒரு உதாரணம்: ஒரு பசுவின் மதிப்பு 18,000 ராண்ட் என்று ஏற்றுக்கொண்டு, இன்ஷூரன்ஸ் 5,000 கொடுத்திருந்தால் உங்களுக்கு வருவது 13,000. மதிப்பை அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே கட்டியெழுப்பி வையுங்கள். அந்த மாதத்து உள்ளூர் ஏல விலைச் சீட்டு இரண்டு மூன்று, ஏலக்காரரிடம் ஒரு மதிப்பீட்டுக் கடிதம், சினைப் பரிசோதனைத் தாள், கறவையானால் பால் கணக்கு, இனப்பதிவு இருந்தால் அந்தச் சான்று. போன வருஷ விலையை வைத்து வாதாடினால் எடுபடாது.

கோமாரியில் இன்னொரு சோகம் உண்டு. இங்கே கோமாரிக்குப் பெரும்பாலும் தடுப்பூசி போட்டு, மாட்டில் எஃப் என்று சூடு போட்டு, பட்டியைத் தடையில் வைப்பதுதான் வழக்கம், எல்லாவற்றையும் அழிப்பதில்லை. அப்போது மாடு உயிரோடு நிற்கும், தீவனம் தின்னும், விற்க முடியாது. அந்த விற்பனை நஷ்டத்துக்கு 19-ஆம் பிரிவு எதுவும் தருவதில்லை. தடை நீளும் என்று வைத்துக்கொண்டு தீவனச் செலவைத் திட்டமிடுங்கள். கோமாரி பேரிடராக வகைப்படுத்தப்பட்டு, அதை ஒட்டி ஏதாவது திட்டம் திறந்தால் அது நிவாரணக் கதவில் வரும்.

வெள்ளம், வறட்சி, தீ

'தேசியப் பேரிடர்' என்று டிவியில் சொன்னதும் பணம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதலில் முனிசிபாலிட்டி சேதத்தைக் கணக்கெடுக்கும். பிறகு தேசியப் பேரிடர் மேலாண்மை மையம் அது உள்ளூரா, மாகாணமா, தேசியமா என்று வகைப்படுத்தும். பேரிடர் நிலைப் பிரகடனம் அதற்குப் பிறகு வரும் தனி வேலை. மூன்று மாதத்தில் அது தானாகக் காலாவதியாகும், வேண்டுமானால் மாதாமாதம் நீட்டலாம். 2018 மார்ச்சில் வறட்சிக்கும், 2022 ஏப்ரலில் டர்பன் வெள்ளத்துக்கும் தேசியப் பிரகடனம் வந்தது. இத்தனைக்கும் பிறகு மாகாணத் துறை எண்ணிக்கையோடு கேட்க வேண்டும், கருவூலம் ஒதுக்க வேண்டும், அப்புறம்தான் திட்டம்.

ஆகவே முதல் கணக்கெடுப்பில் உங்கள் எண் ஏறாவிட்டால் திட்டம் திறந்த பின் ஓடிப் பயனில்லை. வெள்ளம் வடிந்த இரண்டு மூன்று நாளுக்குள் விரிவாக்க அலுவலரிடமும், முனிசிபாலிட்டியின் பேரிடர்ப் பிரிவிலும், வார்டு கவுன்சிலர் அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். மூன்று இடத்திலும் ஒரே எண். கொடுத்த நகலில் முத்திரையோ பார்வைக் குறிப்பு எண்ணோ வாங்காமல் வராதீர்கள்.

கூடவே ஒரு சத்தியப் பத்திரம். போலீஸ் ஸ்டேஷனில் காசில்லாமல் செய்து தருவார்கள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். மொழி ஆங்கிலமோ சுலுவோ, விஷயம் இவ்வளவுதான்: இந்தத் தேதி காலை இத்தனை மணிக்குத் தொழுவத்துக்குப் போனபோது தண்ணீர் இடுப்பளவு இருந்தது, இன்ன குறியுள்ள 4 மாடும் 6 வெள்ளாடும் செத்துக் கிடந்தன, 2 மாட்டைக் காணவில்லை, கொட்டகையின் 12 தகடு போயிற்று, இன்ஷூரன்ஸ் இல்லை, காரணம் இது. அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பேரிடர்ச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, காப்பீடு இருந்ததா, இல்லையென்றால் ஏன், பாதிக்கப்பட்டவருக்கு அது எட்டுகிற நிலையில் இருந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. ஒரு கம்பெனி மறுத்த கடிதமோ, கட்ட முடியாத பிரீமியத்தின் விலைப்பட்டியலோ இருந்தால் இணையுங்கள்.

வறட்சித் திட்டங்களில் மாட்டை எண்ணுவது தலைக்கணக்கில் இல்லை, பெரு விலங்கு அலகில். நாளுக்கு 500 கிராம் எடை ஏறும் 450 கிலோ எருது ஒன்று ஒரு அலகு. நடைமுறையில் வளர்ந்த பசு 1, பால் மறந்த கன்று ஏறக்குறைய 0.5, ஆறு ஆடு சேர்ந்து 1. உங்களிடம் 8 பசு, 2 கன்று, 6 வெள்ளாடு என்றால் 10 அலகு. மேய்ச்சல் நிலம் தாங்கும் அளவுக்கு மேல் அடைத்து வைத்திருந்தால் கூடுதல் மாட்டைக் கணக்கில் சேர்க்க மறுக்கலாம். விண்ணப்பத்தில் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும் ஆசை இங்கேதான் திருப்பி அடிக்கிறது: கூட்டிச் சொன்ன எண், நிலத்தை அழித்தவர் என்ற பெயரையும் கூட்டிவரும்.

கிடைக்கும் தீவனம் எத்தனை நாள் வரும் என்பதை முதலிலேயே கணக்குப் போடுங்கள். ஒரு அலகுக்கு நாளுக்குச் சுமார் 10 கிலோ உலர்தீவனம். 10 அலகுக்கு 100 கிலோ. 250 கிலோ உருளைக் கட்டு ஒன்று இரண்டரை நாள். ஒரு மாதத்துக்கு 12 கட்டு. வவுச்சரில் 12 கட்டு வந்தால் அது ஒரு மாத உயிர்ப்பிச்சை, அவ்வளவே. ஆகவே கட்டு வரும்முன்பே கிழட்டு மாட்டையும் ஈனாத பசுவையும் விற்றுவிட்டு, சினைப் பசுவுக்கும் கன்றுக்கும் தீவனத்தை ஒதுக்குவதே புத்தி. வெறும் காய்ந்த புல்லில் புரதம் போதாது, மாடு நக்கித் தின்னும் சத்துக்கலவையான நக்குப்பொருள் வேண்டும். யூரியா கலந்த நக்குப்பொருளானால் கூரைக்கடியில், அடியில் துளையிட்ட தொட்டியில் வையுங்கள். மழைநீர் தேங்கி அந்தத் தண்ணீரைக் குடித்த மாடு ஒரு மணி நேரத்தில் விழும். பட்டினி வயிற்றோடு வந்த மாட்டுக்கும், குதிரைக்கும், இளங்கன்றுக்கும் அதைக் காட்டவே கூடாது. நிவாரணம் வாங்கப் போய் அதனாலேயே மாடு சாவது இந்த வழியில்தான்.

தீயில் விஷயம் வேறு. குளிர்காலத்தின் கடைசியில், ஆகஸ்ட் செப்டம்பரில், கரும்புத் தோட்டத் தீயும் புல்வெளித் தீயும் பரவும். 1998-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் புல்வெளி, காட்டுத் தீச் சட்டப்படி நில உரிமையாளர் தீத்தடுப்புப் பாதை வெட்டி வைக்க வேண்டும். உள்ளூர் தீப் பாதுகாப்புச் சங்கத்தில் உறுப்பினராக இல்லாவிட்டால், உங்கள் நிலத்தில் தொடங்கியோ அதன் வழியாகவோ பரவிய தீக்கு வழக்கு வந்தால், நீங்கள் அலட்சியமாக இருந்தீர்கள் என்றே 34-ஆம் பிரிவு முதலில் அனுமானிக்கும். உறுப்பினருக்கு அந்த அனுமானம் இல்லை. சந்தா ரசீதும், வெட்டிய பாதையின் தேதியிட்ட படமும் டின்னில் இருக்கட்டும்.

விண்ணப்பத்தோடு வைப்பவை எல்லாத் திட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: அடையாள அட்டை நகல், வங்கி முத்திரையிட்ட கணக்குக் கடிதம், முகவரி, நிலத் தாள், குறிச் சான்றிதழ், பதிவேட்டுப் பக்கம், சத்தியப் பத்திரம், படங்கள். சான்றளித்த நகல் மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால் பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள். அடையாள அட்டையில் 'பிள்ளை', வங்கியில் 'பில்லே', நிலத்தில் அப்பா பெயர் முதலில் என்று நம் பெயர்கள் மூன்று எழுத்தில் நிற்பது சகஜம். 'மூவரும் ஒருவரே' என்று அதே சத்தியப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். விண்ணப்பத்துக்கு எந்தக் கட்டணமும் இல்லை. 'நூறு ராண்ட் கொடு, பெயரைச் சேர்த்துவிடுகிறேன்' என்று யாராவது வந்தால் அவர் சேர்ப்பது தன் பையில்.

மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால்

போனில் 'ரிஜெக்ட் ஆகிவிட்டது' என்றால் அதோடு விடாதீர்கள். 2000-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் நிர்வாக நீதிச் சட்டப்படி, முடிவு தெரிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் எழுத்தில் காரணம் கேட்கலாம், அவர்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காரணம் கையில் வந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் ஒரு தாள் குறைவு, அல்லது எண்ணிக்கைப் பொருத்தமின்மை, அவ்வளவுதான் இருக்கும். நோய் ஈட்டில் மதிப்புக் குறைவு என்றால் உங்கள் ஏலச் சீட்டுகளோடு மேல்முறையீடு செய்யுங்கள். நீதிமன்றத்துக்குப் போவதானால் 180 நாள் வரம்பு உண்டு. வக்கீல் செலவு மாட்டு விலையைத் தாண்டும் என்றால் அரசு அலுவலகங்கள்மீதான புகாரை விசாரிக்கும் பப்ளிக் புரொடக்டரிடம் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் நாளாகும்.

நோய், வறட்சி, தீயில் புல் போனது ஆகிய காரணங்களால் மாட்டை விற்க வேண்டி வந்தவர்கள் வரிக் கணக்கிலும் ஒன்றைக் கேட்கலாம். வருமான வரிச் சட்டத்தின் முதல் அட்டவணை, 13-ஆம் பத்தி: விற்ற வரியாண்டு முடிந்து நான்கு வருஷத்துக்குள் அதற்குப் பதிலாக மாடு வாங்கினால், வாங்கிய செலவை விற்ற ஆண்டின் வருமானத்தில் கழிக்கும்படி கேட்க முடியும். 2026 பிப்ரவரியில் முடிந்த ஆண்டில் விற்றவருக்கு 2030 பிப்ரவரி வரை நேரம். விற்ற சீட்டில் 'வறட்சியால்' என்ற காரணத்தை அன்றைக்கே எழுதி, ஏலக்காரரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். புது மாடு வந்ததும் 28 நாள் தனிக்கட்டு, 14 நாளுக்குள் குறி, நோட்டில் புது வரி, வரியின் முடிவில் மொத்தம்.